காக்காய்க்கென்று வந்த அரிசி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடி பால்கனியிலிருந்து சொர்ணம்மாள் கயிற்றை இறக்கினாள். நுனியில் துணிப்பை கட்டியிருந்தது. இந்த ஊரில் மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கீழே நிற்கிறவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். காய்கறியோ மருந்தோ, எதுவானாலும் அதில் கட்டி ஏற்றிவிடுவார்கள். முழங்கால் தேய்ந்துபோன சொர்ணம்மாளுக்கு அந்தக் கயிறு இல்லையென்றால் பிழைப்பே இல்லை.

கீழே சைக்கா என்கிற மிதிரிக்ஷாவில் அரிசிப் பைகளோடு ராணி நின்றிருந்தாள். கோயில் உதவிக் கமிட்டியின் சார்பில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. மணி அடித்தது. சொர்ணம்மாள் கயிற்றை இழுத்தாள். பஞ்சு போல வந்தது. பையைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. போடுவதற்குள் இழுத்துவிட்டோம் போலிருக்கிறது, நம் அவசரம் நமக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி இறக்கினாள். மறுபடியும் காலிப் பைதான் வந்தது. எட்டிப் பார்த்தாள். ராணி அண்ணாந்து கையை ஆட்டி என்னவோ சொன்னாள். மின்சாரம் போயிருந்ததால் கடைகளின் ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. ஒரு சொல்கூட மேலே வந்து சேரவில்லை. சொர்ணம்மாள் மூன்றாவது தடவையும் பையை இறக்கினாள். கடைசியில் ராணி தலையில் அடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"பெரியம்மா, உங்களுக்கு இந்த மாசம் இல்லை" என்றாள், வாசலில் மூச்சு வாங்கியபடி. "இந்த மாசம் மட்டும் இல்லை. மூணு மாசத்துக்கு நிறுத்திட்டாங்க."

"ஏன், அரிசி தீந்துபோச்சா?"

"அரிசி இருக்கு. உங்க மேல வார்டு ஆபீஸ்லேருந்து புகார் வந்திருக்கு. சுத்தி இருக்கிறவங்களுக்கு இடைஞ்சலா நடக்கிறவங்களுக்கு உதவி கிடையாதுன்னு விதி இருக்குல்ல, அதுல உங்க பேரையும் சேத்துட்டாங்க."

சொர்ணம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அறுபத்தாறு வயதில் ரவுடிப் பட்டம். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் யாரையும் 'ஏய்' என்று கூப்பிட்டவள் இல்லை அவள். என்ன இடைஞ்சல், யாருக்கு இடைஞ்சல் என்று கேட்டாள். ராணிக்குத் தெரியவில்லை. கமிட்டிக் கூட்டம் நடந்தபோது அவள் பின்கட்டில் எண்ணெயைப் புட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். யார் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும்தான் சொல்லி அனுப்பினார்களாம். சொல்லும்போதே ராணிக்கு முகம் செத்துப்போயிற்று. பருப்பையாவது வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டுவிட்டு, அதற்கும் அனுமதி இல்லை என்பது நினைவுக்கு வந்து, ஒன்றும் வைக்காமல் இறங்கிப் போனாள்.

கமிட்டி என்று ஒன்று இருந்தால் விதி என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்! ஆனால் இந்த விதி வந்த கதையில் சொர்ணம்மாளுக்கும் பங்கு உண்டு, அதை மறைப்பானேன். போன வருஷம் தீமிதித் திருவிழாவில் நாலைந்து பையன்கள் குடித்துவிட்டு வந்து, கோயிலுக்கு எதிரே இருந்த பர்மாக்காரர் டீக்கடையில் ஸ்டூல்களை உடைத்து, கேட்க வந்தவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். எல்லாம் உதவி வாங்கும் வீட்டுப் பையன்கள். 'ரவுடிகளுக்குச் சோறு போட்டு வளர்க்கிறது உங்கள் கோயில்' என்று வார்டு ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். தமிழர்கள் அடக்க ஒடுக்கமாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்க முடிகிற ஊர் இது, காலமும் அப்படிப்பட்ட காலம். கமிட்டி பயந்துபோய்ப் பொதுக்கூட்டம் கூட்டியது. தப்பு செய்த வீட்டுக்கு அரிசியை நிறுத்தினால்தான் புத்தி வரும் என்று தீர்மானம் வந்தபோது கை தூக்கியவர்களில் சொர்ணம்மாளும் ஒருத்தி. தூக்கியதோடு விட்டாளா? அந்தப் பையன்களில் ஒருவனின் அம்மா தமிழரசி மூலையில் உட்கார்ந்து அழுதபோது, "பெத்த பிள்ளையை அடக்கத் தெரியாதவளுக்கு அரிசி என்ன வேண்டிக்கிடக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். தமிழரசி காதில் விழுகிற மாதிரியேதான் சொன்னாள்.

இப்போது அதை நினைத்தால் நெஞ்சில் சுருக்கென்றது. அந்தப் பையன் குடித்தான், சரி. தான் என்ன செய்தோம்?

சொர்ணம்மாள் பிறந்ததே பசுந்தாங்கில்தான். அவள் அப்பா முனிசிபாலிட்டியில் சாக்கடை வேலை பார்த்தவர். புருஷன் குழந்தைவேலு போட்டாதாங் கப்பல்துறையில் மூட்டை தூக்கினார். நல்ல மனுஷர், கோபம் வந்தால்கூடப் பசியால் வந்த கோபமாகத்தான் இருக்கும், ஒரு தட்டுச் சோறு வைத்தால் அடங்கிவிடும். அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரே மகன் பாலா, ஊரிலுள்ள மற்ற இளவட்டங்களைப் போலவே, எல்லை தாண்டித் தாய்லாந்துப் பக்கம் போய் ஏதோ ஒரு பேக்டரியில் ஒளிந்து மறைந்து வேலை செய்கிறான். லைன் கிடைக்கிற நாளில் போன் வரும், கிடைக்காவிட்டால் இல்லை. இவள் பிழைப்பு பூண்டு உரிப்பது. கீழ்த்தெருவில் அமீர் அலியின் மளிகை மண்டியிலிருந்து கோணிப்பையில் பூண்டு வரும். நாள் பூராவும் உரித்து, விரல் எரிய எரியக் கட்டித் திருப்பி அனுப்புவாள். அதில் கிடைப்பது வாடகைக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் சரியாகப் போய்விடும். சோறு என்பது கமிட்டி அரிசிதான். அது வராவிட்டால் அடுப்பில் உலை வைப்பதில் அர்த்தமில்லை.

அதனால் தான் செய்த குற்றம் எதுவென்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வது என்று முடிவு கட்டினாள். பூண்டுத் தோலாக இருக்கலாம். காற்றடித்தால் அது பால்கனியிலிருந்து பறந்து ஊர்மேயப் போய்விடும். உடனே பால்கனியில் உரிப்பதை விட்டுவிட்டு, உள்ளே ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுக்கத்தில் உரித்தாள். படிக்கட்டாக இருக்கலாம் என்று தோன்றியதும், வலிக்கிற காலோடு நாலு மாடிப் படியையும் பெருக்கினாள். தண்ணீர் பம்பு போடும் முறை விஷயத்தில் இரண்டாவது மாடிக்காரனோடு ஒரு நாள் வாய் தடித்தது நினைவுக்கு வந்தது. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டை போட்டதே அவனுக்கு மறந்துபோயிருந்தது, இவள் போய் ஞாபகப்படுத்தியதுதான் மிச்சம். அடுத்த நாளே பம்பு முறையைக் குறித்து அவன் புதுசாக ஒரு தகராறைத் தொடங்கினான்.

ஒரு வாரம் இப்படிக் குருட்டாம்போக்கில் ஓடியது. வீட்டில் இருந்த அரிசியும் வழித்துத் துடைத்தாற்போல் ஆயிற்று. இதற்குமேல் பொறுக்க முடியாது என்று சொர்ணம்மாள் தலைவரையே நேரில் பார்க்கப் போனாள்.

கமிட்டித் தலைவர் பிரேம்நாத்துக்குப் பாட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கும் கடை. மின்சாரம் எவ்வளவுக்கெவ்வளவு போகிறதோ அவ்வளவுக்கவ்வளவு ஓடும் வியாபாரம். கெட்டவர் இல்லை. கோவிட் நாட்களில் ஆக்சிஜன் சிலிண்டரைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடியவர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார். பிறகு பார்வையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, "காக்காய் விஷயம்தாம்மா" என்றார்.

சொர்ணம்மாளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எந்தக் காக்காய்?

அவர் விளக்கினார். தினம் காலையில் அவள் பால்கனிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைக்கிறாள். முதலில் ஒன்றிரண்டு வந்தது, இப்போது ஒரு கூட்டமே வருகிறது. எச்சம் போடுகிறது, பருக்கையைச் சிந்துகிறது, எல்லாம் கீழ் வீடுகளில் விழுகிறது. இது ஒரு பக்கம். ஏழைகளுக்கென்று கோயில் கொடுக்கும் அரிசி காக்காய்க்குப் போகிறதா என்று வார்டு ஆபீஸில் கேட்டுவிட்டார்கள், அது இன்னொரு பக்கம்.

காக்காய்க்கு வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது? முதல் பிடி குழந்தைவேலுவுக்கு. அவர் வந்து எடுத்துக்கொண்ட பிறகுதான் தனக்கு. ஏழு வருஷமாக அப்படித்தான். அதைக் குற்றம் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. குற்றவாளி வரிசையில் தமிழரசி மகனோடு சேர்த்துத் தன் புருஷனையும் நிறுத்திவிட்டார்களே என்று அழுகை முட்டியது.

"ஏன் தம்பி, உங்க வீட்டில வைக்கிறதில்லையா?"

"அமாவாசைக்கு வைப்போம்மா" என்றார் பிரேம்நாத், குரல் இறங்கி. "நான் தப்புன்னு சொல்லலை. புகார்னு வந்துட்டா எல்லாருக்கும் ஒரே விதி. உங்களுக்கு ஒரு நியாயம், குடிகாரப் பையன் வீட்டுக்கு ஒரு நியாயமான்னு நாளைக்குக் கேப்பாங்க. மூணு மாசம் பொறுத்துக்குங்க. காக்காயும் பழக்கம் விட்டுப் போயிடும்."

அவர் சொன்னது ஒருவிதத்தில் நியாயமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. திரும்பி வந்தாள். வழியில் டீ குடித்தோமா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

அடுத்து வந்த நாட்களில் காலையில் தெருவில் விற்கும் அவித்த பட்டாணி, மதியம் ஒன்றுமில்லை, சாயங்காலம் கோழிக்குப் போடும் நொய்யரிசியில் கொஞ்சம் கஞ்சி. கஞ்சியைக் காக்காய்க்கு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது என்றாகிவிட்டது. காலையானால் காக்காய்கள் வந்து சுவரில் வரிசையாக உட்கார்ந்து கத்தின. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். கப்பல்துறையிலிருந்து பசியோடு வந்த மனுஷரை வாசலில் நிறுத்திவைத்துக் கதவைச் சாத்துவதாகத்தான் அவளுக்குப் பட்டது.

காக்காய்க்குக் கமிட்டியும் தெரியாது, விதியும் தெரியாது. இந்த வாசலில் இல்லை என்றதும் அடுத்த வாசலைப் பார்த்தது. இரண்டாவது மாடிக்காரன் காயப்போட்ட கருவாடு போயிற்று. எதிர் வீட்டில் புத்தர் முன்னால் படைத்த சோற்றுக் கிண்ணம் கவிழ்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை கையிலிருந்த வடை பறிபோயிற்று. முன்பெல்லாம் ஒரே இடத்தில் வந்து, தின்று, போய்க்கொண்டிருந்த கூட்டம் இப்போது தெரு முழுக்கப் பரவி விடிந்ததிலிருந்து அட்டகாசம் செய்தது. யாரோ ஒருவர் யோசனை சொல்லி, இரண்டு பையன்கள் வந்து சொர்ணம்மாளின் பால்கனிக் கம்பியில் கிழிந்த குடைத்துணியைச் செத்த காக்காய் மாதிரி கட்டித் தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்துக் காக்காய்கள் இங்கே வருவதை நிறுத்தின. மற்ற வீடுகளில் இரண்டு மடங்காக இறங்கின.

வார்டு ஆபீஸிலிருந்து மறுபடி புகார் போயிற்று. யார் மேல்? சொர்ணம்மாள் மேல்தான். பழக்கிவிட்டது அவள்தானே. ராணி வந்து, சுவரைப் பார்த்தபடி, இரண்டாவது புகாருக்கு இன்னும் மூன்று மாதம் என்றாள்.

"வச்சாலும் தப்பு, வைக்காட்டியும் தப்பா?" என்று கேட்டாள் சொர்ணம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராணி, தனக்கும் தலை சுற்றுகிறது பெரியம்மா என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது மாடியில், சரியாக இவள் பால்கனிக்குக் கீழே, டோ கின் மியா என்ற பர்மாக்காரி இருந்தாள். துணி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் ஒரு கிண்ணத்தில் சுரைக்காய்க் குழம்போடு படியேறி வந்தாள். இருபது வருஷப் பழக்கம். பர்மாக்காரர்களுக்கு 'ஆனாடே' என்று ஒரு சங்கடம் உண்டு. எதிராளிக்கு மனம் நோகுமே, தொந்தரவாகுமே என்று சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், விழுங்கிக்கொள்வார்கள். டோ கின் மியா அதில் கைதேர்ந்தவள். குழம்பை வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினாள், முழங்காலுக்கு என்ன தைலம் நல்லது என்று பேசினாள், கடைசியில் வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

"அக்கா, காக்காய்க்கு மறுபடியும் சோறு வையுங்களேன்" என்றாள் பர்மியில். "நீங்க வச்சப்போ காலையில ஒரு நேரம்தான் வரும், போயிடும். இப்போ நாள் முழுக்க என் கொடியிலதான் உட்காருது. ஒரு துணி மிஞ்சலை."

"எதை வைக்கிறது? எனக்கே அரிசி இல்லையே. கோயில்ல நிறுத்திட்டாங்க."

"ஏன் நிறுத்தினாங்க?"

"காக்காய்க்கு வச்சேன்னுதான். யாரோ புகார் சொல்லியிருக்காங்க."

டோ கின் மியாவின் முகத்தில் இருந்த சந்தனப்பூச்சுக்கு அடியில் நிறம் மாறியது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வார்டு ஆபீஸ்காரரின் வெள்ளைச் சட்டை இஸ்திரிக்கு வந்ததாம். அதில் காக்காய் எச்சம் விழுந்து கறை போகவில்லையாம். அவர் கோபித்துக்கொண்டபோது, தன் கவனக்குறைவு இல்லை, மேல் வீட்டில் சோறு வைக்கிறார்கள், காக்காய் வருகிறது என்று சமாதானம் சொன்னாளாம். அவ்வளவுதான். புகார் என்று அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. வருஷக்கணக்காக எச்சம் விழுந்துகொண்டுதான் இருந்தது. செத்துப்போன புருஷனுக்கு வைக்கிற சோற்றை வைக்காதே என்று எந்த வாயால் சொல்வது என்று மறுபடி துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்குச் சொன்ன சமாதானம் இங்கே ஒருத்தியின் சோற்றில் கை வைக்கும் என்று யார் கண்டது?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, துணி காயாத பக்கமா வச்சிருப்பேனே" என்றாள் சொர்ணம்மாள்.

சொல்லத்தான் முடியவில்லை என்று டோ கின் மியா அழுதாள். சொர்ணம்மாளுக்கு அவள்மேல் கோபப்பட வேண்டுமா, தன் சோற்றுப் பருக்கை இத்தனை வருஷம் அவள் பிழைப்பில் விழுந்ததற்குத் தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று விளங்கவில்லை. இரண்டையும் செய்யாமல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் போனபின், ஊற்றிக்கொள்ளச் சோறு இல்லாததால், சுரைக்காய்க் குழம்பை அப்படியே டம்ளரில் ஊற்றிக் குடித்தாள்.

டோ கின் மியா சும்மா இருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சங்கடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பிரேம்நாத் கடைக்குப் போய், அங்கே வந்தவர் போனவர் எல்லோர் முன்னாலும், தான் புகார் கொடுக்கவில்லை, அந்த அக்காளுக்கு அரிசி கொடுங்கள் என்று கேட்டாளாம். வார்டு ஆபீஸுக்கும் போனாளாம். அங்கே, காக்காய் தொல்லை தீர்ந்தால் சரி, மற்றது கோயில் விவகாரம் என்று கைகழுவிவிட்டார்கள். பிரேம்நாத் அவசரக் கூட்டம் கூட்டினார். இதெல்லாம் ராணி சொல்லித்தான் சொர்ணம்மாளுக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை மணி அடித்தது. ராணி கீழே நின்று கையசைத்தாள். சொர்ணம்மாள் கயிற்றை இழுத்தாள். கனத்தது. சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்துப் பையைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று பச்சரிசி, ஒரு பத்துப் பதினைந்து நாளைக்குக் காணும். அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கமிட்டி நல்லாயிருக்கட்டும், பிரேம்நாத் பிள்ளைகுட்டிகள் நல்லாயிருக்கட்டும் என்று வாய்விட்டு வாழ்த்தினாள். உடனே உலையை வைத்தாள். வீடு முழுக்கச் சோறு வேகும் மணம் பரவியபோது ராணி படியேறி வந்து சேர்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பெரியம்மா, நான் சொல்றதைக் கேட்டுக் கோவப்படக் கூடாது" என்றாள். "இது உங்களுக்கு வந்த அரிசி இல்லை."

"பின்னே யாருக்கு?"

"காக்காய்க்கு."

கமிட்டியின் தீர்மானம் இதுதான். இரண்டு புகாருக்கும் தண்டனை தண்டனைதான். ஒருமுறை தளர்த்தினால் விதி என்று ஒன்று இருந்து பயனில்லை. ஆனால் தெருவில் காக்காய் தொல்லை தீர வேண்டும், தமிழர்களால்தான் தொல்லை என்று பேச்சு வரக் கூடாது. ஆகவே பறவைகளுக்கு உணவிடும் தர்மம் என்று தனியாக ஒரு தலைப்பில் அரிசி ஒதுக்கியிருக்கிறார்கள். சொர்ணம்மாள் அதைப் பொங்கித் தினமும் ஒரே நேரத்தில் சுவரில் வைக்க வேண்டும், துணி காயாத மூலையில். அந்த அரிசியை அவள் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்தால் அது மூன்றாவது புகார்.

சொர்ணம்மாள் பானையைப் பார்த்தாள். ராணியைப் பார்த்தாள். மறுபடி பானையைப் பார்த்தாள். தலைக்குள் எதுவும் ஒட்டவில்லை. காக்காய்க்கு வைத்ததற்காகத்தானே தனக்கு அரிசி இல்லை என்றார்கள்? இப்போது தனக்குத்தான் இல்லை, காக்காய்க்கு உண்டா? தப்பு செய்தது இரண்டு பேரும் என்றால் காக்காய்க்கு மட்டும் எப்படி மன்னிப்பு? கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். இந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மூடிக்கொண்டாள்.

சோற்றை வடித்தாள். ராணி போய்க் கம்பியில் தொங்கிய குடைத்துணியை அவிழ்த்துப் போட்டாள். சொர்ணம்மாள் வாழையிலைத் துண்டில் சோற்றை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரின் மூலையில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள். எதிரே மின்கம்பியில் ஏழெட்டுக் காக்காய்கள் உட்கார்ந்திருந்தன. கத்தின. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றும் வரவில்லை. செத்த காக்காயைக் கண்ட இடத்துக்கு அத்தனை சுலபத்தில் அதுகள் திரும்பி வருமா? அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். சோற்றில் ஆவி பறந்து, அடங்கி, ஆறிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வைத்த சோற்றைக் காக்காய் தொடாவிட்டால் செத்தவர்களுக்கு மனக்குறை என்று அர்த்தம். கருமாதியில் காக்காய் எடுக்கவில்லையென்றால் ஒவ்வொருவராக முன்னால் வந்து, உன் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்வார்கள், எந்தச் சொல்லுக்கு மனசு ஆறுகிறதோ அதற்குக் காக்காய் இறங்கும். இத்தனை நாள் பட்டினி போட்டதற்குக் கோபமா? பாலாவை எல்லைக்கு அப்பால் விட்டதற்குக் கோபமா?

"என்னங்க, என்ன குறை உங்களுக்கு? சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது" என்றாள் கம்பியைப் பார்த்து.

ராணிதான் சொன்னாள், மிக மெதுவாக. "நீங்க சாப்பிடலைன்னுதான் குறையா இருக்கும் பெரியம்மா."

சொர்ணம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். இது காக்காய் அரிசி ஆயிற்றே, மூன்றாவது புகார் ஆகுமே என்றாள். ராணி குடைத்துணியை மடிப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். சொர்ணம்மாள் இலையிலிருந்து ஒரு சிறு உருண்டை உருட்டினாள். கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, "நானும் சாப்பிடுறேன், நீங்களும் வாங்க" என்று கம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். குழம்பில்லை, உப்பில்லை. முதல் கவளம் இறங்கியதும் அடுத்ததற்கு யோசிக்கவில்லை. பால்கனிச் சுவரோரம் நின்றபடியே, அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

ராணியின் போன் அடித்தது. பிரேம்நாத். குரல் இங்கேவரை கேட்டது. வச்சாச்சா என்று கேட்டார்.

"வச்சாச்சு அண்ணே" என்றாள் ராணி.

"சாப்பிடுதா?"

ராணி சொர்ணம்மாளைப் பார்த்தாள். கன்னம் உப்ப, கண்ணில் நீர் வழிய, வாய் நிறையச் சோற்றோடு சொர்ணம்மாளும் அவளைப் பார்த்தாள்.

"சாப்பிடுது அண்ணே. ரொம்பப் பசி போலிருக்கு, நல்லாவே சாப்பிடுது."

நல்லது நல்லது, பிரச்சினை தீர்ந்தது என்று அவர் போனை வைத்தார். சொர்ணம்மாளுக்குத் தான் பிழைத்தோமா, மாட்டிக்கொண்டோமா, சிரிப்பதா, இன்னும் அழுவதா, எதுவும் தெரியவில்லை. இலையில் மிச்சமிருந்த சோற்றை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சுவரோடு தள்ளி வைத்துவிட்டு, மறுபாதியில் கை வைத்தாள்.